ஏழு நிமிட உரை

2013இல் கொழும்பில் தொடர்பாடல் கற்கைநெறியொன்றைப் பயின்றபோது, ஒவ்வொருவரும் ஏழு நிமிட உரையொன்றைத் தயாரித்து நிகழ்த்த வேண்டியிருந்தது. தகவல் சரியாக இருக்க வேண்டும். கேட்போர் யாரென்பதை மனதில் வைத்து எழுத வேண்டும். விரிவுரையாளர் விதித்த நிபந்தனைகள் இவை இரண்டுதான். புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்த நான் வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றத்தைத் தெரிவு செய்தேன். கேட்போரில் யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவர்களும் இருந்தார்கள். அந்த 1990இல் அவர்களும் என்னைப் போலவே கைக்குழந்தைகள்.

தகவல் திரட்டுவதில் சிரமமிருக்கவில்லை. பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ்வின் ஆய்வுகள் இருந்தன. வெளியேற்றம் குறித்த பிரஜைகள் ஆணைக்குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையும் கிடைத்தது. 1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர். யாழ் நகரில் ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசம். கொண்டுசெல்ல அனுமதித்த பணம் இடத்துக்கிடம் வேறுபட்டது. இவற்றையெல்லாம் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

சிக்கல் வினைச்சொல்லில் வந்தது. நிவாரண ஆவணங்கள் எங்களை 'இடம்பெயர்ந்தோர்' என்றன. வெள்ளத்துக்கும் ஷெல்லுக்கும் அஞ்சிப் போனவர்களுக்கும் அதே சொல்தான். 'வெளியேற்றப்பட்டோர்' என்றால் செயல் தெரிகிறது, செய்தவர் தெரியவில்லை. அந்த வெற்றிடத்தில் கேட்பவர் 'தமிழர்கள்' என்று தாமாகவே எழுதிக்கொள்ளக்கூடும். அது உண்மையல்ல.

உம்மாவிடம் கேட்டேன்.

"நாங்க எங்க மகன் இடம்பெயர்ந்த? துவக்கோட நிண்டவங்க எங்கள வெளிக்கிடச் சொன்னாங்க."

சற்றுப் பொறுத்து, "பக்கத்து வீட்டு அக்கா படலையப் பிடிச்சுக்கொண்டு அழுதவ. அதையும் சொல்லு" என்றார்.

உம்மாவின் பேச்சில் செய்தவரும் இருந்தார், செய்யாதவரும் இருந்தார். 'விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றினர்' என்று எழுதினேன். அடுத்த வரியில் படலையடியில் அழுத அக்காவை எழுதினேன். 2002 ஏப்ரல் 10ஆம் திகதி கிளிநொச்சி ஊடக மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் இதற்காக மன்னிப்புக் கோரியதையும் சேர்த்தேன். அவர்களே ஒப்புக்கொண்டதை நான் மங்கலாகச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றுக்கு இடம் வேண்டி, 1990க்கு முந்திய வரலாறு முழுவதையும் இரண்டு வாக்கியங்களுக்குள் சுருக்கினேன். உரையைப் பலமுறை உரக்க வாசித்துப் பார்த்தேன். புலிகள் என்ற சொல் வருமிடத்தில் குரல் தாழ்ந்தது. அந்த வரியை மட்டும் தனியாகப் பழகினேன்.

உரை முடிந்ததும் வாக்குவாதம் எதுவும் எழவில்லை. யாழ்ப்பாணத்து மாணவி ஒருவர் எங்கள் வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று கேட்டார். சோனகத் தெரு என்றேன். பாடசாலைக் காலத்தில் அவ்வழியே சைக்கிளில் போயிருக்கிறாராம். கூரையில்லாத வீடுகளைப் பற்றி வீட்டில் கேட்டபோது, "அவை எழும்பிப் போயிட்டினம்" என்று மட்டும் சொன்னார்களாம்.

வீட்டில் காட்ட வேண்டுமென்று என் குறிப்புத் தாள்களை வாங்கிக்கொண்டு போனார்.