விடுபட்ட பெயர்

சென்ற ஆண்டு நம் கல்லூரி விழாவில் பரிசு பெறுவோரின் பெயர்களைத் துறைவாரியாகத் தொகுத்துக் கொடுக்கும் பணி நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது. எளிய பணியென மகிழ்ந்தேற்ற நாம், அதனால் ஒரு மாணவியின்முன் தலைகுனிய நேர்ந்த வரலாற்றை ஈண்டு உரைக்கத் துணிந்தோம்.

மாணவர் விவரங்கள் இக்காலத்தில் கணிப்பொறியினுள் அட்டவணைகளாக அமைந்துள்ளன. ஒருவர்க்கு ஒரு வரி. அவ்வரியில் தலைப்பெழுத்து, பெயர், துறை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள். இவ்வமைப்பின் கொள்கையை எட்கர் காட் என்னும் அறிஞர் 1970ஆம் ஆண்டில் வெளியிட்டார். அட்டவணைகளை வினவுதற்குரிய எஸ்.க்யூ.எல். மொழியைச் சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் 1974இல், சீக்வெல் என்ற பெயரால், உலகுக்கு அறிவித்தனர்.

நம் வேலை பூத்தொடுப்பதை ஒத்தது. முதற்கண், ஒரே வரியிலுள்ள தலைப்பெழுத்தையும் பெயரையும் இடையே புள்ளியிட்டு இணைத்தல் வேண்டும். நாம் கையாளும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் இரட்டைச் செங்குத்துக்கோடு இதனைச் செய்யும். பின்னர், ஒரு துறைக்குரிய வரிகள் பலவற்றையும் காற்புள்ளியிட்டு ஒரே சரமாக்கல் வேண்டும். இதற்கு 'ஸ்ட்ரிங் அக்' என்னும் கட்டளை உண்டு. அகரவரிசை வேண்டின் அதனையும் அக்கட்டளையினுள்ளேயே குறித்தல் வேண்டும். இன்றேல் பெயர்கள் எம்முறையில் வருமென்பதற்கு உறுதியில்லை. இவை யாவும் நாம் அறிந்தனவே. நொடிப்பொழுதில் பட்டியல் வந்தது, அச்சுக்கும் சென்றது.

விழாவுக்கு முந்திய நாள் மாலை மாணவி ஒருவர் அச்சிட்ட தாளோடு வந்தார். தாயாரின் உழைப்பால் மட்டுமே வளர்ந்தவர் அவர். தந்தையின் எழுத்தைச் சேர்க்க விரும்பாது, விண்ணப்பத்தில் அவ்விடத்தை வெறுமையாக விட்டிருந்தார். "ஐயா, என் பெயருக்குத் தலைப்பெழுத்து இல்லை, அதனால் பெயரும் இல்லாமற் போயிற்றோ?" என வினவினார்.

ஆராய்ந்தபோது அவர் கூறியதே உண்மையாயிற்று. நிரப்பப்படாத அவ்விடத்தைத் தரவுத்தளம் 'நல்' எனக் கொண்டிருந்தது. ஒலியளவில் நம் தமிழ்ச்சொல்லே. பொருளோ 'அறியப்படாதது' என்பதாம். அறியப்படாத ஒன்றோடு எதனை இணைப்பினும் விளைவும் அறியப்படாததாகவே முடியும். எனவே தலைப்பெழுத்து இல்லாமை பெயரையும் விழுங்கிற்று. அடுத்து, சரந்தொடுக்கும் கட்டளை அத்தகைய வெறுமைகளை ஓசையின்றித் தள்ளிவிடும் இயல்பினது. பிழையென்று ஓர் எச்சரிக்கையும் எழவில்லை.

இதற்கு மாற்று மிகச் சிறிது. 'கோயலெஸ்' என்னும் கட்டளை, மதிப்பு இல்லாவிடத்து அதற்கு ஈடாக வேறொன்றைக் கொள்ளும். தலைப்பெழுத்தையும் புள்ளியையும் ஒருங்கே அதனுள் அடக்கி, இல்லையேல் வெற்றுச்சரம் கொள்க எனப் பணித்தோம். பெயர் மீண்டது, முன்னே வீண்புள்ளியும் நிற்கவில்லை. துறைதோறும் வரிகளின் எண்ணிக்கையைச் சரத்திலுள்ள பெயர்களோடு ஒப்பிட்டிருந்தால் முன்னரே கண்டிருப்போம். கருவி விதிப்படியே நடந்தது. எண்ணிப் பார்க்கத் தவறியவர் நாமே.

எல்லோர்க்கும் தலைப்பெழுத்து உண்டென நாம் வினவாமலே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் நம் மனத்தில் இருந்தமையாலன்றோ கட்டளையிலும் புகுந்தது!

மீண்டும் அச்சிட நேரமில்லை. அன்றிரவு படிகள் அனைத்திலும் அப்பெயரை நம் கையாலேயே மையினால் எழுதினோம். மறுநாள் அரங்கின் பின்வரிசையில் அவர்தம் அன்னையார், அச்செழுத்துகளுக்கிடையே நின்ற அம்மையெழுத்தை விரலால் தடவிக்கொண்டிருந்ததைக் கண்டோம். அது தவற்றின் அடையாளமென அவர் அறியார், நாம் அறிவோம்.