ஆறு போன வழியே

விருத்தாசலத்தில் வாழும் எங்களுக்கு மணிமுத்தாறு புதிதல்ல. பழமலைநாதர் கோயிலை ஒட்டி ஓடும் அந்த ஆற்றைப் பாலத்தின்மீது நான் சைக்கிளில் கடந்த நாள்களுக்குக் கணக்கில்லை. ஆயினும் அது எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒரு நாளும் எண்ணியதில்லை. பீங்கான் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டு, தை மாதக் கடைசியில், என் மனைவிதான் கேட்டாள்: "என்னங்க, இந்த ஆறு போற வழியாகவே நாமும் ஒரு தடவை கடல் வரைக்கும் போகலாமா? அப்படியே கரையோரமாக வேளாங்கண்ணிக்கும் போய் வந்துவிடலாம்."

கரையோரமாகச் சென்றால் வழியில் தரங்கம்பாடி வரும். அதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கேதான் எங்கள் ஒரே மகள் வாழ்கிறாள். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவள் லுத்தரன் சபையைச் சேர்ந்த இளைஞர் ஒருவரை மணந்தாள். திருச்சபை அனுமதி தந்தது, நான்தான் தரவில்லை. திருமணத்திற்கு என் மனைவி தனியாகவே சென்று வந்தாள். அன்றுமுதல் அவள் என்னிடம் ஒரு சொல்லும் கடிந்து பேசியதில்லை. சண்டையிட்டிருந்தாலாவது எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அவசரமில்லாமல் ஊர் சுற்றுவது எங்கள் இல்லறத்தில் அதுவே முதல் முறை. முன்பெல்லாம் இரவுப் பேருந்தில் வேளாங்கண்ணி சென்று, திருப்பலி கண்டு, மெழுகுதிரி ஏற்றிவிட்டு, அன்று மாலையே திரும்பிவிடுவோம். இம்முறை மைத்துனரின் பழைய காரை வாங்கிக்கொண்டு புறப்பட்டோம்.

எந்தப் பயணமானாலும் கோனான்குப்பம் பெரியநாயகி அன்னையை வணங்கிவிட்டுத் தொடங்குவது எங்கள் வீட்டு வழக்கம். வீரமாமுனிவர் எழுப்பிய ஆலயம் அது. அவர் 1726இல் முடித்த தேம்பாவணியின் 3,615 பாடல்களுக்கும் தலைவர் புனித சூசையப்பர். நற்செய்தி நூல்களிலோ அந்தச் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. சொல்லப்பட்டதைக் கேட்டார், எழுந்தார், மனைவியை ஏற்றுக்கொண்டார். அன்னையின் முன் முழந்தாளிட்டிருந்தபோது எனக்கு அந்த நினைவு வந்தது. நானும் பேசாத கணவன்தான். ஆனால் அவருடைய மௌனம் கேட்கும் மௌனம். என்னுடையது கதவைச் சாத்தும் மௌனம்.

பிறகு ஆற்றைத் தொடர்ந்தோம். கூடலையாற்றூரில் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலக்கிறது. மணற்பரப்பின் நடுவே இரண்டு மெலிந்த ஓடைகள் ஆரவாரமின்றி ஒன்றாகிவிடுகின்றன. "இதற்கப்புறம் நம்ம ஆற்றுக்குப் பேர் இல்லையா?" என்று கேட்டாள். "இல்லை, வெள்ளாறுதான்" என்றேன். "தண்ணி மட்டும் அதேதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

சேத்தியாத்தோப்பைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் சம்பா நெல் பொன்னாய்ச் சாய்ந்து கிடந்தது. தார்ச்சாலையின் பாதியில் நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். அவள் சொன்ன இடத்தில் எல்லாம் நிறுத்தினேன். களத்துமேட்டில் ஒரு பாட்டியிடம் அரை மணி நேரம் பேசினாள். புவனகிரியில் தேநீர் அருந்தினோம். மாலையில் பரங்கிப்பேட்டை. போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் டேனியரும் ஆங்கிலேயரும் வணிகம் செய்த துறைமுகம். 1781இல் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதிய களம். இன்று மீன்பிடி படகுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. ஏற்றத்தின்போது கடல்நீர் ஆற்றுக்குள் ஏறுகிறது. வற்றத்தின்போது ஆற்றுநீர் கடலுக்குள் இறங்குகிறது. எது வரையில் ஆறு, எங்கே தொடங்குவது கடல் என்று கோடு கிழிக்க அங்கே எவராலும் இயலாது.

இரவு சிதம்பரத்தில் தங்கினோம். மறுநாள் பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காடுகளுக்கிடையே படகில் சென்றோம். கொள்ளிடப் பாலத்தையும் சீர்காழியையும் கடந்து திருக்கடையூருக்கு வந்தபோது நண்பகல் ஆகியிருந்தது. அறுபது நிறைந்த தம்பதியர் மணிவிழாக் காணும் ஊர் அது. நரைத்த தலையும் மாலையுமாக, புதுமணமக்களைப் போல நாணியபடி, ஒருவர்பின் ஒருவராகக் கோயிலிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். எனக்கும் அந்த ஆண்டு அறுபது நிறைந்திருந்தது. என் மனைவி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பு மெல்லச் சொன்னாள்: "பிள்ளைங்க எல்லாம் சுற்றி நிற்கிறாங்க, பாருங்க."

இரண்டு நாள்களில் அவள் அந்தப் பொருளை நெருங்கிப் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். நான் காரைக் கிளப்பினேன்.

1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் நம் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும், கடவுள்முன் மனிதர் ஏற்புடையவராவது எவ்வாறு என்ற நெடுங்கால வழக்கைப் பற்றிக் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. அதைப் பங்குப் பேரவையில் பாராட்டிப் பேசியவர்களுள் நானும் ஒருவன். தொலைவில் நிகழும் ஒன்றிப்பைப் பாராட்டுவது எளிது. அது பெண் கேட்டு நம் வாசலுக்கு வரும்போதுதான் நம் மனம் நமக்கே தெரிகிறது.

தரங்கம்பாடியில் வேளாங்கண்ணிச் சாலையை விட்டுக் கடற்கரைப் பக்கம் காரைத் திருப்பினேன். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. செபமாலையை இறுகப் பற்றிக்கொண்டாள். வீட்டை நான் அறியேன். அவளே வழி சொன்னாள். கதவைத் திறந்த மகள், "அப்பா" என்று மட்டும் சொன்னாள். நானும் ஏதேதோ எண்ணி வைத்திருந்தேன். "தண்ணீர் கொடும்மா" என்பதற்குமேல் எதுவும் வரவில்லை.

மாலையில் மருமகன் எங்களை 1620இல் டேனியர் எழுப்பிய கோட்டைக்கும், 1718இல் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திற்கும் அழைத்துச் சென்றார். நடந்துகொண்டே, "மாமா, வீரமாமுனிவர் எங்கள் சபையாரை எதிர்த்து எத்தனையோ நூல் எழுதினார். ஆனாலும் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டது இந்த ஊர் லுத்தரன் அச்சகம்தான்" என்றார். நான் நின்றுவிட்டேன். எதிர்த்து எழுதியவரின் நூலை, தமிழுக்குப் பயன்படும் என்று அச்சுக் கோத்த கைகளை எண்ணிப் பார்த்தேன். என் கைகள் நான்கு ஆண்டுகளாக ஒரு கடிதம்கூட எழுதவில்லை.

இரவு மகள் காப்பி கொடுத்த கோப்பை எங்கள் ஊர்ப் பீங்கான். தாய் அனுப்பியிருக்க வேண்டும். தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தரும் முதற்பாடம் ஒன்று உண்டு: கோப்பையும் கைப்பிடியும் ஒரே அளவு ஈரமாக இருக்கும்போதே, அதே களிமண்ணைக் கரைத்த குழம்பிட்டு ஒட்ட வேண்டும். ஒன்று காய்ந்துவிட்டால் சூளையில் விரிசல் விழும். எங்கள் வீட்டில் காய்ந்துபோனவன் நான். நான்கு ஆண்டுகளாக ஈரம் உலராமல் காத்து வந்தவள் அருகே அமர்ந்து, ஒன்றும் அறியாதவளைப் போல மகளின் தலையை வாரிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டபோது காரில் நான்கு பேர் இருந்தோம். காரைக்காலையும் நாகூரையும் கடக்கும் வரை மகள் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். "என்னங்க, கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்று என் மனைவி அன்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.