சாம்பல் வாங்கப் போன கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எழுபத்தைந்து வயதில், கையில் இரண்டு பிளாஸ்டிக் வாளியோடு ஒரு கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர் வீட்டு வாசலில் போய் நின்றேன். மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோடு பக்கம் அவருக்குப் பெரிய கொட்டகை. கேஸ் அடுப்பு இருந்தாலும் பெரிய அண்டாவுக்கெல்லாம் இன்னும் சவுக்கு விறகுதான்.

"சார், பந்திக்கு ஆர்டரா?" என்றார்.

"இல்லைங்க. கொஞ்சம் சாம்பல் வேணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாத்திரம் தேய்க்கச் சாம்பல் வாங்குகிறவர்கள் இந்த ஊரில் தீர்ந்துபோய் எத்தனையோ வருடமாகிவிட்டது. "பேத்தி மண் பாண்டம் செய்யறா. அதுமேல பூசறதுக்கு" என்றேன். அவருக்கு அது இன்னும் குழப்பமாகிவிட்டது. ஆனாலும் வாளி இரண்டையும் நிரப்பிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

பேத்தி சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சனி, ஞாயிறுகளில் ஈ.சி.ஆர். பக்கம் ஓர் அம்மாவிடம் மண் பாண்டம் கற்றுக்கொள்கிறாள். நாம் பார்த்த குயவர் வீட்டுப் பானை அல்ல இது. குயவர் பானை சுமார் எண்ணூறு டிகிரியில் வெந்துவிடும், நீரைக் கசியவிடும். அதனால்தான் பானைத் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது. இவர்கள் செய்வது 1,280 டிகிரி வரை சூளையில் ஏற்றி எடுக்கும் கல் போன்ற பாண்டம். நம் வீட்டு ஊறுகாய் ஜாடியின் ஜாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாடிமேல் வழவழப்பாக, மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக ஒரு பூச்சு இருக்குமே, அதற்குப் பெயர் கிளேஸ். உண்மையில் அது களிமண்மேல் உருகி ஒட்டிக்கொண்ட கண்ணாடி.

கண்ணாடியாவதற்கு சிலிக்கா வேண்டும். அதை உருக்குவதற்கு ஏதாவதொரு உருக்கி வேண்டும். உருகியது வழிந்து ஓடிவிடாமல் பிடித்து நிறுத்த அலுமினா வேண்டும், அது சீனாக்களிமண்ணிலேயே இருக்கிறது. விறகுச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அதுதான் உருக்கி. சாம்பல் இரண்டு பங்கு, ஃபெல்ட்ஸ்பார் என்கிற கல்லின் மாவு இரண்டு பங்கு, களிமண் ஒரு பங்கு. கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

சாம்பலைத் தயார் செய்கிற வேலை என் தலையில் விழுந்தது. வாளியில் ஊறவைத்து, மிதக்கும் கரியை அள்ளி எறிந்து, துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை ஊற்றிவிட்டு மறுபடி ஊறவைக்க வேண்டும். அந்தத் தண்ணீர் காரம். கையுறை போடாமல் முதல் நாள் அளைந்து, விரலெல்லாம் தோல் உரிந்து, மருமகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மொட்டை மாடியில் காயவைத்து மூன்றாம் நாள் சலித்தபோது, இரண்டு வாளி சாம்பல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் அளவுக்குக் குறைந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் விஷயம். பேத்தி அந்தக் கலவையை நேரே கோப்பையில் பூசவில்லை. கட்டைவிரல் அகலத்துக்குச் சின்னச் சின்னச் சில்லுகள் நாற்பது செய்திருந்தாள். சாம்பல் கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய. இரும்பு ஆக்சைடு ஒரு சதவீதம், இரண்டு, நான்கு, எட்டு. ஒவ்வொரு சில்லின் பின்னாலும் ஒரு எண். அதே எண் ஒரு நோட்டில், எதிரில் கலவை. சூளையிலிருந்து வந்ததும் என்ன நிறம், ஓடியதா, நின்றதா என்று எழுத ஒரு காலம் காலியாக விட்டிருந்தாள். முப்பத்தொன்பது வருடம் லெட்ஜர் எழுதியவனுக்கு அந்த நோட்டைப் பார்த்ததும் ஒரு பிரியம் வந்துவிட்டது.

அப்போது அவள் செய்த காரியம்தான் எனக்குத் திடுக்கென்றது. நோட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து, தெரிந்த நாலைந்து மண் பாண்டக்காரர்களுக்கு அனுப்பிவிட்டாள்.

"ஏம்மா, இவ்வளவு கஷ்டப்பட்டுக் கண்டுபிடிக்கிறதை இப்படித் தூக்கிக் கொடுத்துடறியே?"

"தாத்தா, அவங்க ஊர்ச் சாம்பல் வேற, ஃபெல்ட்ஸ்பார் வேற. அவங்க போட்டுப் பார்த்துட்டு எப்படி வந்துதுன்னு எனக்குச் சொல்லுவாங்க. எனக்குத்தானே லாபம்?"

நான் பதில் சொல்லவில்லை. எனக்குப் பாலிசி ஞாபகம் வந்தது. எல்.ஐ.சி. பாலிசி அல்ல, பெர்னார் பாலிசி.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கொடி மாறியது, பாடப்புத்தகம் மாறவில்லை. அதில் ஒரு படம்: தாடிக்காரர் ஒருவர் நாற்காலியை உடைத்து அடுப்பில் போடுகிறார், மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவர்தான் பாலிசி, 16ஆம் நூற்றாண்டுக் குயவர். எங்கோ வெள்ளைப் பூச்சுப் பூசிய ஒரு கோப்பையைப் பார்த்துவிட்டு, அந்த வெள்ளையைக் கண்டுபிடித்தே தீருவது என்று கிளம்பியவர். அவருக்கு மண் வேலையே தெரியாது. பானைகளை வாங்கி உடைத்து, ஒவ்வொரு ஓட்டிலும் ஒவ்வொரு பொடியைத் தடவி, எதில் எதைத் தடவினோம் என்று எழுதி வைத்துக்கொண்டு சுட்டார். என் பேத்தியின் சில்லும் நோட்டும் அங்கேயே இருக்கின்றன! ஒரு தடவை முந்நூறுக்கும் மேற்பட்ட ஓடுகளைக் கண்ணாடிச் சூளைக்கு அனுப்பியதில் ஒன்றே ஒன்று வெள்ளையாக உருகி வந்ததாம். பிறகு சொந்தச் சூளை கட்டி ஆறு நாள் இராப்பகலாக எரித்தும் பூச்சு உருகவில்லை. விறகு தீர்ந்தது. தோட்டத்து முட்டுக்கம்பு, மேசை, வீட்டுத் தரைப்பலகை எல்லாம் உள்ளே போயின. கள்ளக் காசு அடிக்கிறான் என்று ஊர் பேசியது. எல்லாம் கைகூட பதினைந்து, பதினாறு வருடம்.

எங்கள் முசியே இந்தப் பாடத்தை விடாமுயற்சிக்கு உதாரணமாகத்தான் நடத்தினார். அவர் நடத்தாத பாதியை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். 1580இல் பாலிசி ஒரு புத்தகம் எழுதினார். அதில் 'ஏட்டறிவு' என்றும் 'செயல்' என்றும் இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். ஏட்டறிவு கிளேஸ் கலவையைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சுகிறது. செயல் மறுக்கிறது. கடவுள் வார்த்தையையும் ஊருக்கெல்லாம் உதவும் கல்வியையும் ஒளிக்கக்கூடாதுதான், ஆனால் என் மண் வேலை அப்படியல்ல. பூச்சுப் பொத்தான் செய்யும் வித்தை ஊர் முழுக்கத் தெரிந்து பொத்தான் விலை என்ன கதியானது பார் என்கிறது. கடைசியில் ஈயம், வெள்ளீயம், இரும்பு, செம்பு, மணல், சாம்பல் என்று சரக்குப் பட்டியலை மட்டும் சொல்கிறார். அளவு? சொல்லவில்லை. பாலிசி புரொட்டஸ்டண்ட் மதத்தை விடமாட்டேன் என்று பஸ்தில் சிறையிலேயே 1590 வாக்கில் செத்துப்போனார். அளவும் அவரோடு போயிற்று.

அதே பாண்டிச்சேரியில் இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடந்தது. நான் வேலையில் சேர்ந்த 1971ஆம் வருடம்தான் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அவர் கலிபோர்னியாவில் கட்டடக் கலையும் மண் பாண்டமும் படித்தவர். அந்த அம்மா ஜப்பானில் பிஸென் என்ற குயவர் ஊரில் வேலை கற்றவர். பாண்டிச்சேரிப் பக்கம் நமக்குத் தெரிந்த மண் வேலையெல்லாம் வில்லியனூர்ச் சுடுமண்தான். கல் பாண்டமும் கிளேஸும் அங்கே புதிது. கூரைக் கொட்டகையில் ஆரம்பித்து, சவுக்கு விறகில் சூளை மூட்டி, அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளையே வேலைக்கு வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களில் பலர் பிறகு வெளியே வந்து தனியாகப் பட்டறை போட்டார்கள். பாண்டிச்சேரிக் கடைகளில் இவர்கள் கோப்பை போலவே கோப்பைகள் வர ஆரம்பித்தன. எண்பதுகளிலிருந்து வெளியூர் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு கற்றுக்கொடுத்தார்கள். வினீத் கக்கர், ஆதில் ரைட்டர் என்று இன்று இந்த உலகத்தில் பெயர் பெற்ற பலர் அங்கே படித்தவர்கள்.

பேத்தியின் ஆசிரியை அங்கே படித்த ஒருவரிடம் கற்றவர். தன் கிளேஸ் நோட்டை முதல் மாதமே அவளிடம் கொடுத்து நகல் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். "இதைப் பார்த்து யாரும் என்னை மாதிரி செஞ்சுட முடியாது. அவங்களை மாதிரிதான் செய்வாங்க" என்றாராம்.

எனக்கும் ஒரு நோட்டு இருந்தது. சிவப்பு அட்டை, லாங் சைஸ்.

ஓய்வூதியப் பிரிவில் இருந்தேன். எந்தச் சுற்றறிக்கை எந்த ஆணையை மாற்றியது, தற்காலிகப் பணிக்காலத்தை எதில் சேர்க்கலாம், எதில் சேர்க்கக்கூடாது என்று இருபது வருடமாகப் பொறுக்கிச் சேர்த்தது. மேலதிகாரிகளே என் மேசைக்கு வந்து நிற்பார்கள். அந்தச் சுகம் இருக்கிறதே! மதிய உணவுக்குப் போகும்போதுகூட நோட்டைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் போவேன். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் ஒருவன் எனக்குக் கீழே வந்தான், சூட்டிகையானவன். "சார், நோட்டை ஒரு வாரம் குடுங்க, காப்பி பண்ணிக்கிறேன்" என்று கேட்டான். "சந்தேகம் வந்தா என்னைக் கேளுப்பா" என்றேன். இரண்டு தடவை கேட்டான். பிறகு கேட்கவில்லை.

1994இல் எனக்கு மஞ்சள் காமாலை. ஒன்றரை மாதம் படுக்கை. அந்தச் சமயத்தில் ஒரு வாட்ச்மேன் இறந்துபோய், அவர் மனைவியின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு வந்திருக்கிறது. பழைய ஆணை ஒன்று தெரிந்திருந்தால் தீர்ந்துவிடும். தெரியாததால் ஆட்சேபம் போட்டுத் திருப்பியிருக்கிறார்கள். அந்த அம்மா மதுராந்தகத்திலிருந்து மூன்று தடவை வந்து திரும்பிப் போயிருக்கிறாள். நான் திரும்பி வந்த அன்று நோட்டைப் பிரித்துப் பத்தே நிமிடத்தில் குறிப்பு எழுதி முடித்தேன். "பார்த்தியா?" என்று பையனைப் பார்த்துச் சொன்னேன். வேறு யாரும் அல்ல, நானே சொன்ன வார்த்தை. அவன் ஒன்றும் சொல்லாமல் கோப்பை வாங்கிக்கொண்டு போனான். அவன் பார்வை எனக்கு அன்று புரியவில்லை. அன்று எனக்கு வெறும் பெருமைதான்.

2010இல் ஓய்வு பெற்றபோது நோட்டு என்னோடு வீட்டுக்கு வந்தது. ஆறாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு அதில் பாதி செல்லாக் காசு. இப்போதும் பரணில் இருக்கிறது.

சூளை திறந்த அன்று என்னையும் அழைத்துப் போனார்கள். கேஸ் சூளை. மூட்டிய மறுநாள்தான் கதவைத் திறக்க முடியும், அவசரப்பட்டால் குளிர்காற்று பட்டுப் பாண்டம் விரிசல் விடும். நாற்பது சில்லுகளையும் மேசையில் வரிசையாக அடுக்கினார்கள். முடிச்சூர் ரோடு சாம்பல் கரும்பச்சையாக, பாசி படிந்த குளத்துத் தண்ணீர் மாதிரி வந்திருந்தது. இரும்பு எட்டு சதவீதம் சேர்த்தது ஏறக்குறைய கறுப்பு. வேறொருவர் அரிசி ஆலையிலிருந்து உமிச் சாம்பல் கொடுத்திருந்தார். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதனால் அது ஓடாமல் நின்று, கஞ்சி படிந்தது போல வெளுத்திருந்தது. சாம்பல் மிக அதிகமாகப் போட்ட ஏழு சில்லுகள் வழிந்து சூளைத் தட்டிலேயே ஒட்டிக்கொண்டன. உளியால் பெயர்க்க வேண்டியிருந்தது. தட்டு பாழ். அந்த ஏழையும் பேத்தி விடாமல் எழுதினாள். தோற்றதையும் அனுப்பினாள்.

பொறுக்கி எடுத்த நான்கு சில்லுகள்மேல் எலுமிச்சைத் துண்டு வைத்து ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தோம். காலையில் நிறம் வெளுத்திருந்தால் அந்தக் கிளேஸ் புளிப்புக்குத் தாங்காது, சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஆகாது. ஒன்று வெளுத்திருந்தது. புளிக்குழம்பு சாப்பிடுகிற நாம் கடையில் பளபளப்பைப் பார்த்து வாங்குகிறோம். இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம், செலவு ஒரு மூடி எலுமிச்சை. (ஈயம் இருக்கிறதா என்று இது சொல்லாது. அதற்கு லேப்தான்.)

கரும்பச்சைச் சில்லு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி முடிச்சூர் ரோட்டுக்குப் போனேன். காண்ட்ராக்டர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

"இது நம்ம அடுப்புச் சாம்பலா சார்?"

"உங்க அடுப்புதான்."

சமையல் ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பின்னால் இருந்த எண்ணைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். பதினேழாம் நம்பர் என்றால் என்ன கலவை என்று சொன்னேன், எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டிருந்தது. சில்லை உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். பிறகு, "கொட்டாங்கச்சி எரிச்சா சாம்பல் வேற மாதிரி வெள்ளையா வரும் சார். அது என்ன கலர் குடுக்கும்?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன். வருகிற வியாழக்கிழமை மூட்டை கொட்டாங்கச்சி தனியாக எரித்து வைக்கிறாராம். வாளியைக் கழுவி வைத்திருக்கிறேன். கையுறையும் வாங்கிவிட்டேன்.