வண்டியும் மூச்சுவிட வேண்டும்

மோட்டார் வண்டி வைத்திருப்போர் அதற்கு ஊற்றும் பெற்றோலைப் பற்றிப் பேசுவர்; எண்ணெயைப் பற்றிப் பேசுவர்; ரயரின் விலையைப் பற்றிப் பெருமூச்சுடன் பேசுவர். அது வெளிவிடும் புகையைப் பற்றியோ, அப்புகை செல்லும் குழாயைப் பற்றியோ பேசுவோர் மிகச் சிலரே. குழாய் உடைந்து தெருவெல்லாம் அதிரும் நாளிலேதான், அப்படியொன்று வண்டியின் அடிவயிற்றில் கிடக்கிறது என்ற நினைவே பலருக்கு வருகிறது.

எம் இல்லத்தில் எம்.ஜி.பி. என்னும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் அபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட இனம் அது. இருவர் அமரலாம், துணிக்கூரையை மடித்துவிட்டால் வானமே கூரை. எம் தந்தையார் அதனைப் பழைய வண்டியாகவே வாங்கி, தம் முதுமைவரை ஓட்டி, எம்மிடம் விட்டுச் சென்றார்.

அதன் எஞ்சினைப் பற்றி ஒரு செய்தி சொன்னால் யாழ்ப்பாணத்து வாசகர்கள் புன்னகை புரிவார்கள். அங்கு நெடுங்காலம் வாடகைக் காராக உழைத்த ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் வண்டியின் எஞ்சினும் இதன் எஞ்சினும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். 1961 இல் வந்த ஏ60 கேம்பிரிட்ஜின் எஞ்சின் 1622 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 61 குதிரைவலுவும் உடையது. எம்.ஜி.பி.யின் எஞ்சினோ 1798 கன சென்ரிமீற்றரும் 95 குதிரைவலுவும் உடையது. கொள்ளளவு சிறிதே கூட, வலு ஒன்றரை மடங்கானது எப்படி? ஒன்றுக்கு இரண்டாகக் கார்புரேட்டர் வைத்து மூச்சைத் தாராளமாக உள்ளே விட்டதும், அதனைத் தடையின்றி வெளியேற வழி செய்ததும் அதற்குரிய காரணங்களில் முக்கியமானவை.

சென்ற மாரியில், எம் இளைய மகளை மாலை வகுப்புக்கு இவ்வண்டியிலே கொண்டுசென்று விடுவது வழக்கமாயிற்று. மழைக்காகக் கூரையை இழுத்து மூடிய நாள்களில் அவள் தலையிடி என்றாள். வெயில் எறித்துக் கூரை திறந்திருந்த நாள்களில் அத்தலையிடி இல்லை. படிப்புக் களைப்பு என்று எண்ண இடமிருந்தது. ஆயினும் கூரைக்கும் தலையிடிக்கும் இருந்த இந்த ஒற்றுமை எம் மனத்தை உறுத்தியது. வண்டியைக் கராஜில் உயர்த்திப் பார்த்தபோது, இருக்கைக்கு நேர் கீழே, குழாயின் பொருத்து ஒன்று துருவேறிப் பிளந்திருந்தது.

மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. பெற்றோல் முற்றாக எரியாதபோது காபனோரொட்சைட்டு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசன் சேர்வதைவிட அது இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுதலோடு சேர்கிறது. தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம் என்பவை அதன் முதல் எச்சரிக்கைகள். அவற்றைப் பொருட்படுத்தாதார் உயிரிழந்ததும் உண்டு. புகைக்குழாயைப் புதுப்பிப்பது எம் வீட்டில் அன்றே முடிவாயிற்று.

புதுப்பிப்பதென்றால் எப்படி என்பதில்தான் விவாதம் மூண்டது. பல்கலைக்கழகம் புகவிருக்கும் எம் மூத்த மகன், பந்தய வண்டிகளில் உள்ளதுபோல் பெருத்த குழாய் ஒன்றைப் போட்டு, சைலன்சரையும் நீக்கிவிட வேண்டுமென்றான்.

“அப்பா, சத்தம் பெரிதானால்தானே வலுவும் பெரிதாகும்?” என்று கேட்டான்.

கேள்வி நியாயமானதே, விடையைத்தான் ஆராய வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரம் முறை சுற்றும்போது, நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து வினாடிக்கு நூறு முறை புகையை உமிழ்கின்றன. ஒவ்வொரு உமிழ்வும் குழாயினூடே ஓர் அலைபோல் ஓடுகிறது. விரைந்து செல்லும் அலை தன் பின்னே தாழ்ந்த அமுக்கத்தை விட்டுச் செல்ல, அது அடுத்த புகையை இழுத்து வரத் துணை செய்கிறது. குழாயின் விட்டத்தை இரட்டித்தால் அதன் வாய்ப்பரப்பு நான்கு மடங்காகும்; புகையின் வேகம் நாலில் ஒன்றாகக் குறையும். எனவே அளவு மிஞ்சிய குழாய், நகரத்து மெதுவான ஓட்டத்தில் வலுவைக் கூட்டாது, குறைக்கவும் கூடும். எஞ்சினுக்கு வேண்டியது தடையுமன்று, வெறும் வெளியுமன்று, அளவான வழி.

எஞ்சினோடு பொருந்தும் பழைய வார்ப்பிரும்புக் கிளைக்குழாயையும் மாற்றலாமா என்று பார்த்தோம். அதனைச் செய்த பொறியியலாளரின் நுட்பம் அப்போதுதான் புலப்பட்டது. இவ்வெஞ்சினில் சிலிண்டர்கள் 1, 3, 4, 2 என்ற ஒழுங்கில் வெடிக்கின்றன. ஓரங்களிலுள்ள முதலாம், நான்காம் சிலிண்டர்களின் புகை ஒரு குழாயிலும், நடுவிலுள்ள இரண்டின் புகை மற்றொரு குழாயிலும் செல்லுமாறு அமைத்திருக்கிறார்கள். அடுத்தடுத்து வரும் உமிழ்வுகள் ஒன்றன் காலை ஒன்று மிதியாமல் மாறி மாறி இரு வழிகளிற் செல்கின்றன. மெல்லிய உருக்குக் குழாய்களாலான பந்தயக் கிளைக்குழாய் கடைகளிற் கிடைக்கும். ஆனால் இவ்வண்டியில் கார்புரேட்டர்கள் கிளைக்குழாயின் பக்கத்திலேயே, அதற்குச் சற்று மேலே இருக்கின்றன. மெல்லிய குழாயின் வெக்கை கொழும்பு வெயிலோடு சேர்ந்தால், வாகன நெரிசலில் நிற்கும்போது பெற்றோல் கொதித்து ஆவியாகி எஞ்சின் திணறும். ஆகவே பழைய வார்ப்பிரும்பைக் கழற்றாமல் விட்டோம்.

மாற்ற வேண்டியது அதன் பின்னுள்ள குழாய்களும் இரண்டு சைலன்சர்களுமே. அவை ஏன் துருவேறுகின்றன? எம் வீடு வெள்ளவத்தையில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பதால், உப்புக் காற்று வெளியேயிருந்து அரிக்கிறது. உள்ளேயிருந்து அரிப்பதோ நீர். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. நெடுந்தூரம் ஓடினால் குழாய் சூடேறி அந்நீராவி வெளியே போய்விடும். சந்தைக்கும் வகுப்புக்குமாகச் சிறு தூரம் ஓடி நின்றால், பின் சைலன்சர் சூடேறுமுன்னரே நீர் அதற்குள் தேங்கிவிடும். வண்டியை வீட்டில் வைத்துப் பொத்திக் காப்பவர்களின் குழாயே முதலில் உக்குகிறது என்பது இதனாலேதான்.

இதற்கு மருந்து, எம் அடுக்களையில் எவர்சில்வர் என்று பெயர் பெற்ற துருவேறா உருக்கு. அதிலும் இனங்கள் உண்டு. 304 என்னும் இனத்தில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் இருக்கும். 409 என்னும் இனத்தில் குரோமியம் ஏறத்தாழப் பதினொரு பங்கே. விலையும் குறைவு, ஆயுளும் குறைவு. பிந்தியதில் காந்தம் நன்றாக ஒட்டும். முந்தியதில் அநேகமாக ஒட்டாது. மகன் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு எம்முடன் கடைக்கு வந்தான். இரண்டு குழாய்களில் ஒட்டியது. மூன்றாவதில் ஒட்டாமல் விழுந்தது. அதனையே வாங்கினோம். விட்டம் பழையதன் அளவே. சைலன்சர்கள் இரண்டும் உண்டு.

பூட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. 304 உருக்கு, சாதாரண உருக்கைவிடச் சூட்டில் அதிகம் நீளும். இரண்டரை மீற்றர்க் குழாய் முந்நூறு பாகை சூடேறினால் ஏறக்குறைய அரை அங்குலம் நீளும். ஆதலால் அதனை இறுக்கிக் கட்டாமல், ரப்பர் தொங்கல்களிலே அசைய விட வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே இயக்கி, பின்வாயைத் தடித்த ஈரத்துணியால் ஒரு கணம் அடைத்து, பொருத்துகளில் சீறல் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்பரிசோதனையை மகனே செய்தான். ஓரிடத்தில் மெல்லிய சீறல் கேட்டது. பிடியை மீண்டும் இறுக்கியதும் அடங்கியது. பின்னர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி நிறம் பார்த்து, கார்புரேட்டரின் கலவையையும் சரிபார்த்தோம். புகை போகும் வழி மாறினால் காற்றும் பெற்றோலும் சேரும் அளவும் சிறிது மாறக்கூடும்.

வண்டி முன்னையிலும் வேகமாய் ஓடுகிறது என்று சொல்லத் துணியோம். இத்தகைய மாற்றத்தால் வரும் வலு, வந்தாலும், சில குதிரைகளே. ஆனால் இம்மாரியில் கூரையை மூடிக்கொண்டு மகளை வகுப்புக்குக் கொண்டுபோகிறோம். தலையிடி என்ற பேச்சில்லை. அண்டை வீட்டு முதியவரின் பகல் உறக்கமும் கெடவில்லை. மகனுக்கு மட்டும் சத்தம் போதாது என்ற குறை சிறிது உண்டு. ஆனால் நண்பர்கள் வந்தால் வினாடிக்கு நூறு அலைகளின் கணக்கை அவர்களுக்கு விளக்குபவனும் அவனே.

சத்தம் வலுவின் அடையாளம் என்று நம்புவோர் வண்டி விஷயத்தில் மட்டுமா இருக்கிறார்கள்? கூட்டங்களிலும் குடும்பங்களிலும் அவர்களைக் காண்கிறோம். தெருவை அதிரவைக்கும் ஓசை, சக்கரத்துக்குப் போய்ச்சேராமல் காற்றிலே சிந்திய சக்தியின் ஒரு துளி, அவ்வளவே. முன்னோர் விட்டுச் சென்ற பொருளைப் பேணுவோர் முதலில் அதனைச் செய்தவர் என்ன நினைத்துச் செய்தார் என்று அறிந்துகொள்ளட்டும், அழிந்ததை மாற்றட்டும், அழியாததை விட்டுவைக்கட்டும். அதில் ஏறி வருகிற பிள்ளைகள் நல்ல காற்றைச் சுவாசிக்கிறார்களா என்பதே எல்லாவற்றிலும் முந்திய கேள்வி.