வெந்தயமும் பழைய பேப்பரும்

பழைய தினத்தந்தியும் ஒரு பிடி வெந்தயமும் கொண்டுவரச் சொன்னார் நான்காம் வகுப்பு டீச்சர். வெந்தயம் எதற்கு என்று பையன்கள் விழித்தார்கள். எனக்குத் தெரியும். செங்கல்பட்டில் ஆயா முறத்துக்குப் பூசுவது அதைத்தான். தாளைக் கிழித்து ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் பிழிந்து, ஊறிய வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் அரைப்பாள். மூங்கில் சந்துகளில் அதை அப்பிக் காயவிட்டால் கேழ்வரகு மாவுகூடச் சிந்தாது. வெந்தயத்தின் வழவழப்புதான் பசை. அந்தக் கசப்புக்குப் பூச்சி வராது என்பாள். மிஞ்சிய கூழைக் கவிழ்த்த குண்டான்மேல் அப்பி, காய்ந்ததும் கழற்றினால் எனக்கொரு கிண்ணம்.

வகுப்பில் செய்யச் சொன்னது மிருகங்கள். அச்சு தரவில்லை. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் கொலு பொம்மைக்கு அச்சு உண்டு: இரண்டு பாதிகளாக அழுத்தி எடுத்து ஒட்டி, வண்ணம் தீட்டுவார்கள். அழகான வேலை, ஆனால் ஓர் அச்சில் பிறந்த முருகனுக்கெல்லாம் ஒரே முகம். டீச்சரோ, "ஆடு செய்யணுமா? போய் ஆட்டைப் பாத்துட்டு வாடா" என்று வெளியே அனுப்பினார். அன்று ஆட்டின் கண்மணி குறுக்குவாட்டில் இருப்பதைப் பார்த்தவன் நான். இன்றுவரை எந்த ஆட்டையும் சும்மா கடந்துபோக முடிவதில்லை.

எங்கள் பள்ளி இருந்த மாமல்லபுரத்துக் கடற்காற்றில் கூழ் லேசில் காயாது. அவசரப்பட்டு மொத்தமாக அப்பினால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். மெல்லிசாக ஒரு சுற்று, காயவிட்டு மறுபடி ஒரு சுற்று. ஆயா வீட்டு மொட்டைமாடியில் ஒரே பகலில் காய்ந்தது இங்கே நாட்கணக்கில் ஈரமாகக் கிடந்தது. காத்திருக்கும்போதெல்லாம் தெருவிலிருந்து உளிச் சத்தம் வரும். 1957இல் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கிய ஊர். அங்கே அளவு முந்தி, உருவம் பிந்தி. முகத்தின் நீளம் ஒரு தாலம், அதை வைத்தே மொத்த உடம்பும். எங்கள் யானைகளுக்கோ தலையே பாதி உடம்பு. டீச்சர் ஒன்றையும் திருத்தவில்லை. அதற்காக அவரை இப்போதும் வணங்குகிறேன்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஓவியத்துக்கென்று ஆசிரியர் கிடையாது. 2012இல் எடுத்த பகுதிநேர ஆசிரியர்கள்கூட ஆறாம் வகுப்பு முதல்தான். கை சொன்னபடி கேட்கத் தொடங்கும் வயதில் கற்றுத்தர ஆளில்லை என்பது எனக்கு ஆறவே ஆறாத குறை. எங்கள் டீச்சர் கணக்குப் பாடத்துக்கு நடுவே, தன் சொந்த வாளியில் தாளை ஊறவைத்தவர்.

ஒருத்தி அர்ச்சுனன் தபசுப் பாறையில் செதுக்கிய பூனையைச் செய்தாள், முன்னங்கால்களைத் தூக்கித் தவம் நிற்கிறதே, அதை. ஒரு கால் ஒடிந்தது. தபசுப் பாறைக்குச் சற்றுத் தள்ளி முடிக்காத இன்னொரு தபசு இருக்கிறது. பல்லவர் காலத்தில் பாதியில் நின்ற உருவங்கள் இன்றும் பாதியில்தான். கூழுக்கு அந்த விதி இல்லை. "அழுவாத கண்ணு, தண்ணி தொட்டு அப்பு" என்றார் டீச்சர். புதுக் கால் பழையதைவிடத் தடியாக வந்தது. மறுவாரம் அவள் அந்தப் பூனையின் காலடி எலிகளையும் செய்யத் தொடங்கினாள்.