ஏழு ஊர்களின் ஆசியா

வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம், ஆசியாவிலுள்ள ஏழு சபைகளுக்கு எழுதப்பட்டது. எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா. ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்துப் பார்த்தேன். ஏழும் இன்றைய துருக்கியின் மேற்கு மூலையில் அடங்கிவிட்டன. சீனாவும் இந்தியாவும் அரேபியாவும் இல்லாத ஓர் ஆசியா! அந்தச் சின்ன நிலத்தின் பெயர் ஜப்பான் வரைக்கும் எப்படிப் போனது என்று தேடத் தொடங்கினேன்.

முதல் விடை எளிதாகக் கிடைத்தது. கி.மு. 133இல் பெர்கமு அரசன் மூன்றாம் அத்தாலஸ் இறந்தபோது, நாட்டையே ரோமுக்கு உயில் எழுதி வைத்திருந்தான். ரோமர்கள் அதை மாகாணமாக்கி ஆசியா என்றார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தை யோவான் எழுதியது அந்த மாகாணத்துச் சபைகளுக்கு. ஆனால் பெயர் ரோமர்களுக்கு முந்தியது. நிலம் ஒன்றாயிருக்க அதற்கு ஆசியா உட்பட மூன்று பெண்களின் பெயர்கள் ஏன் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாளர் ஹெரோடோட்டஸ் குழம்பியிருக்கிறார். ஆசியா என்பது புரொமிதியஸின் மனைவி பெயர் என்றார்கள் கிரேக்கர்கள். சர்தை இருந்த லிடியா நாட்டுக்காரர்கள் அதை ஒப்பவில்லை. அது தங்கள் முன்னோன் ஆசியஸின் பெயர், சர்தையில் அந்தப் பெயரில் ஒரு குலமே இருக்கிறது என்றார்கள். எனக்கு லிடியாக்காரர்கள் பேச்சில்தான் மண்வாசனை அடித்தது. ஹோமர் ஆசியப் புல்வெளி என்று சொல்வதும் அதே பக்கத்தில்தான். வாத்தும் கொக்கும் அன்னமும் வந்திறங்கும் காய்ஸ்டர் ஆற்றங்கரை அது. அந்த ஆறு எபேசுக்கு அருகே கடலில் கலக்கிறது.

அதற்கும் பின்னால் போனால் ஒரு வாள் இருக்கிறது. ஹிட்டைட் பேரரசின் தலைநகரான ஹட்டுஷாவில், 1991இல் சாலை வேலையின்போது மண்ணுக்குள்ளிருந்து வெண்கல வாள் ஒன்று வெளிப்பட்டது. நீளம் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். அலகில் அக்காடிய மொழியில் ஒரே வரி வெட்டியிருக்கிறது: பேரரசன் துதாலியா அஸ்ஸுவா நாட்டை நொறுக்கியபின் இந்த வாள்களைப் புயல் கடவுளுக்குக் காணிக்கையாக்கினான் என்பது அதன் செய்தி. சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முந்தைய போர். அஸ்ஸுவா என்பது மேற்கு அனதோலியாவில், அதாவது இன்றைய துருக்கியின் மேற்கில், அவனை எதிர்த்துத் திரண்ட நாடுகளின் கூட்டணி. ஆசியா என்ற பெயரின் வேர் இதுவே என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள், ஐயப்படுவோரும் உண்டு. கிரேக்கத்தில் பைலோஸ் அரண்மனையின் களிமண் பலகையொன்றில் அஸ்வியா என்ற அடைமொழியோடு ஒரு பெண் தெய்வம் வருவதைப் பார்த்தபின் எனக்கு அந்த ஐயம் பெரிதும் நீங்கியது. தோற்றவர்களின் பெயர்தான் ஒரு கண்டத்துக்கு நிலைத்திருக்கிறது.

கிழக்கே இந்தப் பெயர் வெகு தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. 1602இல் மத்தேயோ ரிச்சி என்ற இயேசு சபைப் பாதிரியார் பெய்ஜிங்கில் அச்சிட்ட பெரிய உலகப்படத்தில் அது யா-சி-யா என மூன்று சீன எழுத்துகளாயிற்று. ஒலிக்காக எடுத்த எழுத்துகள்தாம். ஆனால் முதலெழுத்துக்கு ‘இரண்டாவது’ என்று பொருள். ஜப்பானில் 1709இல் அராய் ஹகுசெகி என்ற அறிஞர், ஒளிந்து வந்து பிடிபட்ட சிதோத்தி என்ற இத்தாலியப் பாதிரியாரை எடோவில் விசாரித்து ஐரோப்பியர்களின் கண்டப் பிரிவினையை விவரமாகக் கேட்டு எழுதிவைத்தார்.

மறு ஆண்டே, 1710இல், ஹோதான் என்ற பௌத்தத் துறவி கியோட்டோவில் வேறொரு உலகப்படத்தை வெளியிட்டார். தேடலில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது இந்தப் படம்தான். அதன் தலைப்பில் இருக்கும் பெயர் ஜம்புத்வீபம். மணிமேகலை சொல்லும் நாவலந்தீவு! நடுவில் அனவதப்தப் பொய்கை, அதிலிருந்து பிரியும் நான்கு ஆறுகள், தெற்கே இந்தியா, கிழக்கே சீனா, ஓரத்தில் ஜப்பான். ஐரோப்பாவை ஒரு தீவுக்கூட்டமாக்கி இடது மேல்மூலையில் வைத்திருக்கிறார். அசோகன் கல்வெட்டில் ஜம்புதீபம், காவிரிப்பூம்பட்டினத்தில் அதைக் காக்கும் தெய்வம் சம்பாபதி, கியோட்டோவில் இந்த அச்சுப்படம். இந்த நிலப்பரப்பில் பெரும்பகுதிக்குள் ஒரு பெயர் தானாகவே நடந்து பரவியிருக்கிறது.

அந்தப் பெயர் முழுதாக அழியவும் இல்லை. சீனப் பௌத்தத் துறவி யுவான் சுவாங் ஜம்புத்வீபத்தை ஷான்பூஜோ என்று எழுதினார். த்வீபத்துக்கு அவர் இட்ட எழுத்து ‘ஜோ’, ஆற்றிடைத் திட்டு என்று பொருள். இன்று சீனர்கள் ஆசியாவை யாஜோ என்கிறார்கள். அதே ‘ஜோ’! வியட்நாமியர் சொல்லும் ‘சாவ் ஆ’விலும் அதுவே முன்னால் நிற்கிறது. தாய்லாந்தில் ‘தவீப் ஏசியா’, கெமர் மொழியிலும் லாவோவிலும் அவ்வாறே: த்வீபத்தோடு சேர்த்துத்தான் ஆசியா. நாம் சேர்ப்பது கண்டம். அதுவும் புராண நிலவியலிலிருந்து வந்ததுதான். கோயிலிலும் வீட்டிலும் சங்கல்பம் சொல்லும் புரோகிதர் ஜம்புத்வீபத்தைச் சொல்லி, அதற்குள் பரத கண்டத்தையும் சொல்லிவிட்டுத்தான் ஊர்ப் பெயருக்கு வருகிறார்.