ஆரணி: சாயம் போகாத வேலை!

செய்யாறு பஸ் ஸ்டாண்டில் 'ஆரணி... ஆரணி...' என்று கண்டக்டர் கூவுகிறார். ஏறி உட்கார்ந்தால் வழியெல்லாம் நெல் வயல். ஆரணி என்றதும் சிலருக்கு அரிசி ஞாபகம் வரும், பலருக்குப் பட்டு. சரித்திரப் பிரியர்களுக்கு 1751-ல் ராபர்ட் கிளைவ் இங்கே போட்ட சண்டை. நாம் போவது நாலாவது விஷயத்துக்கு: சாயம்!

கல்யாண ஜவுளி எடுக்கும் பெண்கள் கடையில் கேட்பது இரண்டே கேள்வி. 'ஜரிகை ஒரிஜினலா?', 'சாயம் போகுமா?' முதல் கேள்விக்கு உரைத்துப் பார்த்துச் சொல்ல ஆள் உண்டு. இரண்டாவதுக்குப் பதில் சொல்ல வேண்டியது கெமிஸ்ட்ரி.

சாயப்பட்டறைக்குள் எட்டிப் பார்த்தால் அடுப்பும் ஆவியுமாக இருக்கிறது. கச்சாப் பட்டு நூலில் கிட்டத்தட்ட கால் பங்கு செரிசின் என்கிற பசை. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்தால் அது கரைந்து பளபளப்பு வெளியே வரும். ஒரு கிலோ போட்டால் முக்கால் கிலோதான் மிஞ்சும். பி.காம். படித்தவனுக்கு வயிற்றைக் கலக்குகிறது. கடை திறக்கும் முன்பே 25 சதவிகிதம் நஷ்டமா! ஆனால் அந்த நஷ்டம் இல்லாவிட்டால் பட்டு, பட்டாகவே இருக்காது.

அடுத்தது சாயம். பட்டும் நம் தலைமுடி மாதிரி ஒரு புரதம்தான். தண்ணீரில் கொஞ்சம் அசிட்டிக் ஆசிட் விட்டால் சாயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சூட்டை மட்டும் மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் திட்டுத் திட்டாக நிற்கும், பெண் பார்த்த அன்றே தேதி குறித்த கல்யாணம் மாதிரி!

"எத்தனை கிராம் போடறீங்க?" என்றால் பெரியவர் சிரிக்கிறார்.

"கண்ணுதான் தராசு தம்பி. போன வருஷம் குடுத்த அதே அரக்கு இன்னிக்கும் வரும்."

வரும்தான். ஆனால் அந்தக் கண்ணுக்கு வாரிசு? பிள்ளைகள் செய்யாறு அரசு கலைக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்கு பஸ் ஏறுகிறார்கள். வீட்டிலேயே ஒரு லேப் இருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

இந்தப் படிப்பு ஒன்றும் நேற்று வந்ததல்ல. 1856-ல் கொய்னா மருந்து செய்யப் போய் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்த வில்லியம் பெர்கினுக்கு வயது 18. பம்பாயில் 1933-லேயே ஜவுளி வேதியியல் சொல்லித்தர ஆரம்பித்துவிட்டார்கள். நமக்குப் பக்கத்திலேயே, 1960-ல் தொடங்கிய சேலம் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது.

வேலை? ஏற்றுமதிக் கம்பெனி லேப், சாயக் கம்பெனி, ஜவுளிப் பரிசோதனை நிலையம் என்று கதவுகள் உண்டு. திறந்துவிட்டது சட்டம்! புற்றுநோய்ப் பயத்தால் 1990-களில் ஜெர்மனியும் பிறகு இந்தியாவும் பல அசோ சாயங்களைத் தடை செய்தன. 2011-ல் ஐகோர்ட் உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் இழுத்து மூடப்பட்டன, நொய்யலில் கழிவு கலந்ததற்காக. எந்தச் சாயம் ஆபத்து, கழிவை எப்படிச் சுத்தம் செய்வது என்று தெரிந்தவன் இல்லாமல் இனி இந்தத் தொழிலே நடக்காது. ஆரணிக்கும் ஒரு கமண்டல நாகநதி இருக்கிறதே!

ஆரம்பச் சம்பளம் ஐ.டி. கம்பெனிபோல இருக்காது. கையில் கறை வேறு. ஆனால் படித்த பையன் ஒருவன், பெரியவர் பக்கத்தில் ஒரு வருஷம் தராசும் தெர்மாமீட்டருமாக உட்கார்ந்தால் போதும். எந்த அரக்குக்கு எத்தனை கிராம், எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம் என்று எல்லாம் நோட்டில் ஏறிவிடும்.

ஏறாவிட்டால், அந்த அரக்கு பெரியவரோடு போய்விடும். சேலையில் சாயம் நிற்கும், ஊரில் நிற்காது.